டேக்லைன்: தலைப்பின் காலடியில் ஒரு வரி

அட்டையில் கதையின் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி போடுகிறார்களே, அதுதான் டேக்லைன். அது கதைச் சுருக்கமும் இல்லை, துணைத்தலைப்பும் இல்லை.

ஆங்கிலத்தில் 'டேக்' என்பது முதலில் துணியின் ஓரத்தில் தொங்கும் துண்டைக் குறித்தது. அப்புறம் எதன் நுனியில் எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் டேக் ஆனது. நாடகத்தில் திரை விழுமுன் பேசும் கடைசி வசனத்துக்கும் அதே பெயர்தான். ஒத்திகையில் அதைச் சொன்னால் நாடகம் உருப்படாது என்று, அந்த வரியை மட்டும் நடிகர்கள் விழுங்கிவிடுவார்களாம். ஆக, பிறப்பால் இது நம் வெண்பாக்காரர்களின் ஈற்றடி. விளம்பரக்காரர்கள் கைக்குப் போனதும் கடைசி வரி வாசலுக்கு வந்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முழக்கம்' ஸ்லோகனுக்குத்தான் பொருந்தும். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் அது படையின் போர்க்கூச்சல். 'கொளு' என்றொரு பழைய சொல் உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை என்ற பழைய இலக்கண நூலில் வெண்பாவுக்கு முன்னே நின்று, அது எதைப் பற்றியது என்று துறையின் கருத்தைச் சொல்வது அது. அழகான சொல்தான், ஆனால் கொளு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடும். டேக்லைன் அதைச் செய்யக் கூடாது. என் ஓட்டு 'அடைவரி'க்கு. அடைமொழியில் இருக்கிற அதே அடை. பெயரோடு ஒட்டி நிற்கும் வரி.

1979-இல் வந்த 'ஏலியன்' படத்தின் அடைவரியை எழுதியவர் பார்பரா கிப்ஸ். விண்வெளியில் நீங்கள் அலறினாலும் யாருக்கும் கேட்காது என்பது அதன் பொருள். படத்தில் வரும் ஜந்துவைப் பற்றியோ விண்கப்பலைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. வெற்றிடத்தில் ஒலி பரவாது என்ற பள்ளிக்கூடப் பாடத்தை வைத்தே வயிற்றைக் கலக்கிவிட்டார்.

'கடைசி பஸ்' என்று நான் ஒரு கதை எழுதினேன். முதலில் போட்ட அடைவரி: 'மலைப்பாதையில் ஒரு திகில் பயணம்.' எந்த மலை, என்ன திகில்? எந்தக் கதைக்கும் ஒட்டலாம். அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: 'ஏறியது எட்டுப் பேர். இறங்கியது ஒன்பது.' அதோடு கதையின் முதல் பத்தியையும் வெட்ட வேண்டியதாயிற்று. ஒன்பதாவது ஆள் யார் என்று அங்கேயே உளறி வைத்திருந்தேன்.