தூக்கிவாரிப் போடுவது யார்?

பாஸ்டனில் முதுகலை படிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அக்டோபர் வந்தால் அறைத்தோழர்கள் தினம் ஒரு பேய்ப்படம் போடுகிறார்கள். குளியலறைக் கண்ணாடிக் கதவை மூடியதும் பின்னால் ஒரு முகம் தெரியும் என்று எனக்குத் தெரியும். போன வாரம்தான் அதே படத்தைப் பார்த்தேன். இருந்தும் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த டீ முழுக்க சோபாவில். ஏன்?"

அக்டோபர் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மாதக் கடைசியில் பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீன். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் வானொலிக் காலத்திலிருந்தே கோடை முடிந்ததும்தான் புதுத் தொடர்களை அதிகம் இறக்கும். இலையுதிர் காலம் என்றாலே திரைக்கு முன் உட்காரும் காலம் என்று அங்கே பழகிப்போய்விட்டது. 1978-இல் வந்த 'ஹாலோவீன்' படத்தை உண்மையில் எடுத்தது கலிபோர்னியாவின் வசந்த காலத்தில். பழுப்பு இலை கிடைக்காமல் இலைகளுக்குச் சாயம் அடித்துத் தெருவில் தூவி, ஒரு காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி அடுத்த காட்சிக்கு மறுபடி தூவியிருக்கிறார்கள்.

சரி, டீக்கு வருவோம். அதைக் கொட்ட வைத்தது பெரும்பாலும் அந்த முகத்தோடு சேர்ந்து வந்த சத்தம்.

காதில் விழும் சத்தம் பல நிலையங்களில் நின்று நிதானமாகப் பெருமூளைப் புறணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் 'இது கதவு', 'இது பக்கத்து வீட்டு மிக்ஸி' என்று பெயர் பெறுகிறது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் செவி நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு குறுக்குச் சந்து பிரிகிறது. அங்குள்ள செல்கள் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் இருக்கும் சில ராட்சத நரம்புச் செல்களைத் தட்டுகின்றன. அவற்றின் இழைகள் நேரே தண்டுவடத்தில் இறங்கி, தசைகளை இயக்கும் நரம்புகளை உசுப்புகின்றன. அவ்வளவுதான் பாதை. 1982-இல் யேல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டேவிஸ் குழுவினர் எலியில் இதை வரைந்து காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் பாதையை இன்னும் சுருக்கின. சத்தம் எழுந்து 8 மில்லிசெகண்டில் எலியின் பின்னங்கால் தசையில் மின்துடிப்பு வந்துவிடுகிறது. மனிதரில் இமைத் தசை சுருங்க 30 முதல் 50 மில்லிசெகண்ட். பேய் என்று புறணி புரிந்துகொள்வதற்குள் டீ கொட்டியாயிற்று.

இந்தச் சந்துக்குக் கதை தெரியாது. போன வாரம் பார்த்ததெல்லாம் புறணியின் கணக்கு. சத்தம் பலமாக இருக்கிறதா, எவ்வளவு சடாரென்று எழுந்தது என்பதுதான் இதற்கு முக்கியம். அதே சத்தம் மெல்ல மெல்ல ஏறியிருந்தால் உடம்பு சும்மா இருந்திருக்கும். 1942-இல் வந்த 'கேட் பீப்பிள்' படத்தில் இரவில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள், பின்னால் காலடிச் சத்தம், அப்புறம் அமைதி. திடீரென்று உஸ்ஸென்று சீறல். வந்து நின்றது வெறும் பஸ்! தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியையே 'லூட்டன் பஸ்' என்கிறார்கள்.

மனஉறுதியால் இதை அடக்க முடியுமா? டார்வின் முயன்றிருக்கிறார். லண்டன் விலங்குக் காட்சிசாலையில் விரியன் வகைப் பாம்பு ஒன்றின் கூண்டுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, பாம்பு கொத்தினாலும் பின்வாங்குவதில்லை என்று உறுதியெடுத்தார். அது கொத்தியதும் ஒன்றிரண்டு கெஜம் பின்னால் துள்ளியதாக அவரே 1872-இல் எழுதினார். இது கண் வழியாக வந்த அதிர்ச்சி, பாதை வேறு. பிடிவாதம் மட்டும் அதேபோல் தோற்றது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இந்தச் சந்துக்கு ஒரு வால்யூம் திருகு உண்டு. விளக்கு எரியும்போது லேசாக ஷாக் கொடுத்துப் பழக்கிய எலி, பிறகு விளக்கு எரியும்போது சத்தம் கேட்டால் வழக்கத்தைவிட உயரமாகத் துள்ளுகிறது. மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதியைச் சேதப்படுத்தினால் துள்ளல் அப்படியே இருக்கிறது, கூடுதல் மட்டும் காணாமல் போகிறது. அதாவது துள்ள வைப்பது சந்து, எவ்வளவு என்று திருகுவது பயம்.

1997-இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்றில், விளக்கை அணைத்ததும் மனிதர்களின் திடுக்கிடல் கூடியது. எந்த மிரட்டலும் இல்லை, வெறும் இருட்டு. இன்னொன்றில் எலிகள்: அவற்றுக்குப் பளிச்சென்ற வெளிச்சத்தில்தான் துள்ளல் கூடியது! எலி இரவில் நடமாடும் பிராணி, வெளிச்சத்தில் வெளியே வந்தால் பருந்துக்கு இரை. நாம் பகலில் நடமாடும் பிராணிகள், நம்மைத் தின்ன வந்தவை இருட்டில் வந்தன. எலிகள் பேய்ப்படம் எடுத்தால் உச்சிவெயிலில்தான் எடுக்கும்.

பாஸ்டனில் செப்டம்பர் தொடக்கத்தில் 7:15 மணி வாக்கில் மறையும் சூரியன், ஹாலோவீன் அன்று 5:40-க்கே போய்விடுகிறது. நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் நாலரை மணிக்கே அந்தி. வாசகரின் அறைத்தோழர்கள் விளக்கையும் அணைத்திருப்பார்கள்.

எலியைத் துள்ள வைக்க எதற்கு அரசுப் பணம் என்று கேட்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. போரிலிருந்து திரும்பியவர் பட்டாசுச் சத்தத்துக்கு ஒடுங்குவதும் இதே சந்து, இதே திருகுதான். அளவுக்கு மீறிய திடுக்கிடல், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிப் பட்டியலில் இருக்கிறது. நிதிக்குழுவில் நான் இருந்தால் எலிக்காரர்களுக்குத்தான் முதல் காசோலை.

படத்தில் பயம் வந்தால் எல்லோரும் விரலை விரித்துக் கண்ணைப் பொத்துகிறார்கள். பொத்த வேண்டியது காதை. வாசகர் சொன்ன காட்சியை ஒலியை அணைத்துவிட்டு நானும் போட்டுப் பார்த்தேன். முகம் வந்தது, நின்றது. ஒப்பனை கழுத்துக்கு மேலேயே முடிந்துவிட்டதுகூடத் தெரிந்தது. ஒலியோடு இன்னொரு முறை பார்க்கலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. என் டீ லேப்டாப்பில்.