காலவரம்பு இல்லாத கோரிக்கை: பிஎச்பி செயலிகளில் எச்டிடிபி தொகுப்புகள்

பிஎச்பி செயலியிலிருந்து வேறொரு சேவையைத் தொடர்புகொள்ள இன்று பெரும்பாலோர் இணையக் கோரிக்கைகளை அனுப்பும் கர்ல் நிரலை வரிவரியாக எழுதுவதில்லை. தொகுப்புகளை நிறுவும் கருவியான கம்போசர் வழியாக, அந்த வேலையைச் செய்யும் கஸ்ஸில் அல்லது சிம்ஃபனி எச்டிடிபி கிளையன்ட் என்ற ஆயத்தத் தொகுப்பை நிறுவிக்கொள்கிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் பிறர் எழுதிய நிரலைத் தணிக்கை செய்கையில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, நிறுவியவர்கள் அந்தத் தொகுப்பின் இயல்புநிலை அமைப்புகளைப் படித்ததே இல்லை என்பதுதான்.

கஸ்ஸிலில் ‘டைம்அவுட்’ அமைப்பின் இயல்பு மதிப்பு 0. பதில் வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திரு என்பதே அதற்குப் பொருள். பணம் செலுத்தும் சேவை ஒன்று மெதுவாகிவிட்டால், அதை அழைத்த ஒவ்வொரு பிஎச்பி-எஃப்பிஎம் வொர்க்கரும் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கையாளும் செயல்முறை) அங்கேயே நின்றுவிடும். சர்வரில் 20 வொர்க்கர்கள் இருந்தால், 20 வாடிக்கையாளர்கள் ‘பணம் செலுத்து’ பொத்தானை அழுத்தியதுமே முகப்புப் பக்கம்கூடத் திறக்காது. அப்போது சிபியு சும்மா இருக்கும், தரவுத்தளத்திலும் குறை தெரியாது என்பதால், பழுதைத் தேடுபவர் தவறான இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பார். நிரல் ஓடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் பிஎச்பியின் ‘மேக்ஸ் எக்ஸிகியூஷன் டைம்’ அமைப்பு காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். லினக்ஸில் பொதுவாக அது வலையமைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பிஎச்பி கட்டமைப்பான லாராவெலின் எச்டிடிபி கிளையன்ட் தானாகவே 30 விநாடி வரம்பு வைக்கிறது, ஆனால் அதே லாராவெல் செயலிக்குள் கஸ்ஸிலை நேரடியாக உருவாக்கினால் அந்த வரம்பு கிடைக்காது. இணைப்புக்கு 3 விநாடி, முழுக் கோரிக்கைக்கு 10 விநாடி என்ற அளவில் தொடங்கி, அழைக்கப்படும் சேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என் வழக்கம்.

வரம்பு வைத்த கையோடு, தோற்றால் மீண்டும் அனுப்பு என்று எழுதிவிடக் கூடாது. நேரம் கடந்துவிட்டது என்பதாலேயே மறுமுனையில் வேலை நடக்கவில்லை என்று ஆகாது. ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை பணம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்.

மறுமுனையின் சான்றிதழைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கி, பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பெழுதிய வரிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள்ளூர்க் கணினியில் வந்த சான்றிதழ்ப் பிழையைத் தவிர்க்க எழுதப்பட்ட அந்த வரி, நேரடிச் சர்வரில் இடைமறிப்பவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

தொகுப்பிலும் ஓட்டைகள் வரும். எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து சாதாரண எச்டிடிபி முகவரிக்குத் திருப்பிவிடப்படும்போது உள்நுழைவு விவரம் தாங்கிய அங்கீகாரத் தலைப்பும் குக்கியும் நீக்கப்படாமல் கூடவே சென்ற குறைபாடு, 2022 ஜூனில் கஸ்ஸில் 7.4.4, 6.5.7 பதிப்புகளில் சரிசெய்யப்பட்டது. கஸ்ஸிலை நாங்கள் பயன்படுத்தவே இல்லையே என்பவர்களின், நிறுவிய தொகுப்புகளைப் பட்டியலிடும் ‘கம்போசர்.லாக்’ கோப்பிலும் அது இருக்கக்கூடும். ஏதேனும் ஒரு எஸ்டிகே (ஒரு சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் நிரல் தொகுப்பு) அதை இழுத்து வந்திருக்கும். எது இழுத்து வந்தது என்பதைக் ‘கம்போசர் வை’ கட்டளை காட்டும்; அறியப்பட்ட பாதுகாப்புக் குறைகளைக் கம்போசர் 2.4 முதல் உள்ள ‘கம்போசர் ஆடிட்’ பட்டியலிடும். புதிய பதிப்பு வெளியிடும் நாளில் மட்டுமன்றி அன்றாடமும் அது ஓடுமாறு அமைக்க வேண்டும், ஏனெனில் நம் நிரலில் ஒரு வரிகூட மாறாத வாரத்திலும் அது சார்ந்திருக்கும் தொகுப்பில் புதிய குறை அறிவிக்கப்படலாம்.