“அதுதான் படி எடுத்தாயிற்றே” என்று சொல்லாதீர்கள்

குடமுழுக்குக்கு நாள் குறித்து, பத்திரிகை அடித்து, பந்தல்கால் நட்ட பிறகுதான் எங்களைப் போன்ற கல்வெட்டு ஆய்வாளர்களுக்குத் தகவல் வருகிறது. அதற்குள் சுவரைச் சுத்தம் செய்ய மணலை வேகமாக அடிக்கும் மணல் வீச்சு இயந்திரம் வந்து போயிருக்கும். அண்மையில் ஒரு கிராமத்துச் சிவன் கோயிலிலும் அதே கதைதான். கருவறை அடித்தளத்தின் தென்புறத்தில், குமுதம் என்னும் உருண்டு புடைத்த கல்வரிசை புதுக்கல் போல வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் கல்வெட்டின் தொடக்க மங்கலச் சொல்லான ‘ஸ்வஸ்திஸ்ரீ’ மட்டும் மிச்சம். அடுத்து வரவேண்டிய அரசன் பெயரும் இல்லை, ஆட்சியாண்டும் இல்லை. கேட்டதற்கு, “அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலேயே படி எடுத்துவிட்டார்களே ஐயா” என்றார் திருப்பணிக்குழுப் பெரியவர். படி என்றால் கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் நகல்.

இந்த ஒரு வாக்கியத்தைப் போகிற ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துவிட்டது. எனவே விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

படி எடுக்கும் பணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது உண்மை. தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. ஆனால் எல்லாக் கோயில்களுக்கும் ஆள் போகவில்லை. போன இடத்திலும் மண்மூடிய அடித்தளத்தையும் பிற்காலச் சுவருக்குள் மறைந்த பகுதியையும் யாரும் பார்த்திருக்க முடியாது. அவை திருப்பணியில் மண்ணை அகற்றும்போதுதான் வெளிப்படும். வெளிப்பட்ட அன்றே மணல் வீச்சில் அழிந்துபோய்விடும். படி எடுத்தவற்றிலும் பல இன்னும் முழுப் பாடமாக அச்சேறவில்லை. ஆண்டறிக்கையில் இரண்டு வரி ஆங்கிலச் சுருக்கம் இருக்கும், அவ்வளவுதான்.

முழுமையாகப் படி எடுத்து அச்சிட்டாலும் கல்லின் வேலை முடிந்துவிடுவதில்லை. இதுதான் யாருக்கும் புரியமாட்டேன் என்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் கண்டறியப்பட்டது. ருத்ராசாரியர் என்ற இசை ஆசானின் சீடனான ஓர் அரசன் செய்வித்தது என்று அதுவே சொல்கிறது. அவன் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனா வேறொருவனா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அதில் சுர எழுத்துகள் சிலவற்றின் மேல் சிறு புள்ளிகள் உண்டு. அவை எதைக் குறிக்கின்றன என்பதிலும் அறிஞர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மைப்படித் தாளில் வெள்ளையாகத் தெரியும் ஒரு புள்ளி, உளி வைத்ததா, பாறையின் இயற்கைக் குழியா என்பதைத் தாளை வைத்து எப்படி முடிவு செய்வது? கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். மணல் வீச்சு முதலில் தின்பது இப்படிப்பட்ட புள்ளிகளைத்தான்.

“ஏதோ நிலம் கொடுத்த கணக்குதானே” என்பது அடுத்த சமாதானம். மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் போய்ப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சன் மாறன் காரி, மதுரகவி என்று பெயர் பெற்றவன், அந்தக் கற்றளியை, அதாவது கற்கோயிலை, குடைவித்தான். நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே இறந்துபோனான். அவன் பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து, அண்ணன் விட்ட பணியை முடித்து, நீர் தெளித்தான். வடமொழிக் கல்வெட்டு கலி 3871 என்று ஆண்டையும் தருகிறது, அதாவது பொ.ஆ. (கி.பி.) 770. முற்காலப் பாண்டியர் காலவரிசையில் நாம் கால் ஊன்றி நிற்கும் இடங்களுள் இது ஒன்று. ஒரு பாறையின் சில வரிகள் பொரிந்து போயிருந்தால் அந்த அண்ணன் தம்பி கதையும் ஆண்டும் நமக்கு ஏது?

முற்காலச் சோழர் கல்வெட்டுகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. பலவற்றில் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டம் மட்டுமே இருக்கும், இயற்பெயர் இருக்காது. ஆட்சியாண்டு, அதிகாரியின் பெயர், எழுத்தின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டுதான் எந்த அரசன் என்று கணிக்கிறோம். உத்தரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆண்டிலும் 14ஆம் ஆண்டிலும் குடவோலை விதிகள் வெட்டப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் சபை தன் விதிகளைத் திருத்தி விரித்தது என்பது அந்த ஆண்டெண்களால்தான் தெரிகிறது.

பழைய கோயிலைப் புதுப்பிப்பது தவறென்று நான் சொல்லவில்லை. சோழ மன்னர் கண்டராதித்தரின் தேவி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, பழங்கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மறுபடி வெட்டச் செய்து, “இதுவும் ஒரு பழங்கற்படி”, அதாவது பழைய கல்லின் நகல், என்றே பொறிக்க வைத்தார். பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசியார் காட்டிய அக்கறையில் பாதி நமக்கு இருந்தாலே போதும்.

மணல் வீச்சுக்கு அரசுத் தடை உண்டு. ஒப்பந்தக்காரர் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வந்தாலும் குழாயிலிருந்து துகள் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் நிறுத்துங்கள். சுண்ணாம்பை மென்மையான தூரிகை கொண்டு, பயிற்சி உள்ளவரை வைத்துத்தான் எடுக்க வேண்டும். கம்பித் தூரிகையும் அமிலமும் கூடவே கூடாது. உபயதாரர் பெயரை எனாமலில் எழுத வேறு இடமா இல்லை? மின்பெட்டிக்கு ஆணி அடிக்கக் கல்வெட்டுச் சுவர்தான் கிடைத்ததா? தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்து, அடித்தளத்தின் கீழ்ப்படையான ஜகதியைப் புதைக்காதீர்கள். சுவரைப் பிரித்துக் கட்டுவதானால் ஒவ்வொரு கல்லையும் படம் எடுத்து, எழுத்தில்லாத முகத்தில் எண் இட்டு, அதே வரிசையில் வையுங்கள். வரிசை மாறிய கற்களை ஒன்று சேர்க்க எங்கள் வாழ்நாள் போதவில்லை.

ஆர்வத்தோடு படம் எடுக்கும் இளைஞர்களே, எழுத்து தெரிய வேண்டுமென்று கோலமாவையும் விபூதியையும் எண்ணெயையும் பூச வேண்டாம், தயவுசெய்து. இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் கண்ணில் படாத வரிகூட எழுந்து நிற்கும்.

திருப்பணிக்குத் தீர்மானம் போடும் அன்றே மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ பக்கத்துக் கல்லூரி வரலாற்றுத் துறைக்கோ சொல்லி அனுப்புங்கள். தாளும் மையும் நாங்கள் கொண்டுவருகிறோம். நீங்கள் ஓர் ஏணியும் நாலு வாளித் தண்ணீரும் கொடுத்தால் போதும்.