உடலின் ஒரு பகுதி மட்டும் இறந்துபோவது எப்படி?

மொரிஷியஸில் சர்க்கரை நோயால் கால்விரலையோ பாதத்தையோ இழந்த ஒருவரை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. 1987ஆம் ஆண்டு இத்தீவில் நடந்த தேசிய ஆய்வே இந்நோயின் பரவலை மருத்துவ உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இன்று பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தும், விரல் கறுத்த பிறகே மருத்துவரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். "சர்க்கரை காலை அழுக வைத்துவிட்டது" என்று வீடுகளில் சொல்வதுண்டு. சர்க்கரை நேராகச் சதையை அரிப்பதில்லை. இரத்தம் போய்ச் சேராததாலும், அது சேரவில்லை என்று சொல்ல வேண்டிய நரம்பு உணர்விழந்து கிடப்பதாலும்தான் திசு இறக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர் மருத்துவமனைக்குப் போகும் நாளை நிச்சயம் முன்னுக்குக் கொண்டுவருவார் என்று நம்பியே இதை எழுதுகிறேன்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கிறது. ஓயாத இந்த வேலைக்குத் தேவையான ஆற்றலை, இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனைக் கொண்டுதான் அணு தயாரிக்க முடியும். இரத்த ஓட்டம் நின்றால் ஆற்றல் தீர்கிறது. சோடியம் உள்ளேயே தங்க, அதைத் தொடர்ந்து தண்ணீரும் புகுந்து அணு வீங்குகிறது. வெளியே நிற்க வேண்டிய கால்சியம் உள்ளே பாய்கிறது. கடைசியில் அணுவைச் சுற்றியுள்ள சவ்வு கிழிந்து, உள்ளிருந்த செரிமான நொதிகள் கசிந்து அக்கம்பக்கத்து அணுக்களையும் தாக்குகின்றன. சவ்வு கிழிந்த அணுவை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பது திசுவுக்குத் திசு மாறுகிறது. மூளை அணுக்கள் சில நிமிடங்களிலும், இதயத் தசை 20 முதல் 40 நிமிடங்களிலும் மீளாத சேதம் அடையத் தொடங்குகின்றன. கால் தசை 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். எலும்பு அணுக்களுக்கு 12 முதல் 48 மணி நேரம் ஆகலாம்.

ஆனால் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் இரத்தம் ஒரே நொடியில் நிற்பது அரிது. முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள் ஆண்டுக்கணக்கில் தடித்துக் குறுகிவருகின்றன. சும்மா இருக்கும் தோலுக்கு அந்தக் குறைந்த இரத்தமே போதுமானதாக இருக்கிறது. ஒரு காயம் ஏற்பட்டால், அதை ஆற்றுவதற்குப் பல மடங்கு இரத்தம் தேவைப்படுகிறது. அப்போதுதான் பற்றாக்குறை வெளிப்படுகிறது. அதே ஆண்டுகளில் நரம்புகளும் கெட்டுப்போவதால் வலி தெரிவதில்லை. வியர்வை வற்றித் தோல் வெடிக்கிறது. விரல்கள் மடங்கிப் புதிய இடங்களில் அழுத்தம் விழுகிறது.

இங்கே தைப்பூசம் கோடையின் உச்சத்தில் வருகிறது. காத்ர் போர்னில், கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்குக் காவடி எடுப்பவர்கள் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடக்கிறார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பல கோவில்களில் தீமிதியும் நடக்கிறது. உணர்வுள்ள பாதம் சூடு பட்ட கணமே தன் அடியை மாற்றிக்கொள்ளும். உணர்விழந்த பாதம் மாற்றிக்கொள்ளாது. கொப்புளம் இருப்பதே மறுநாள் படுக்கை விரிப்பில் நீர்க்கறை கண்ட பிறகுதான் தெரியவரும். பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நேர்த்திக்கடன் உள்ள சர்க்கரை நோயாளி, விரதம் தொடங்கும் முன் பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையில் தொடுவது தெரியவில்லை என்றால், வெறுங்கால் நடை அவருக்கு உகந்ததல்ல.

இறந்த திசு இரண்டு வழிகளில் போகலாம். கிருமி சேராமல் இரத்தம் மட்டும் நின்றுபோனால், விரல் சுருங்கி, உலர்ந்து, கறுக்கிறது. சிதையும் இரத்தச் சிவப்பணுக்களின் இரும்பு ஹைட்ரஜன் சல்பைடுடன் சேர்ந்து இரும்பு சல்பைடாக மாறுவதாலேயே அந்தக் கறுப்பு நிறம் வருகிறது. உயிருள்ள தோலுக்கும் இறந்த தோலுக்கும் இடையே தெளிவான கோடு விழும். கிருமி சேர்ந்துவிட்டால் வீக்கமும் நாற்றமும் சீழும் வந்து, எல்லைக்கோடு இல்லாமல் அழுகல் மேலே ஏறுகிறது. நஞ்சு இரத்தத்தில் கலந்து உயிரையே பறிக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் புகுந்தால் சதைக்குள் வாயு உண்டாகி, தொட்டால் நொறுநொறுவென்ற உணர்வு விரலுக்குத் தட்டுப்படும். அத்தகைய நோயாளிக்கு மறுநாள் வரை காத்திருக்க நேரமில்லை.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கியூர்பிப் போன்ற மேட்டு நிலங்களில் குளிர் கடுமையாக இருக்கும். சில்லிட்ட பாதத்தை வெந்நீரில் வைப்பது வழக்கம். இரத்தம் குறைந்த பாதத்துக்கு இதுவே பெருந்தீங்கு. சூடு ஏற ஏறத் திசுவின் ஆக்சிஜன் தேவையும் ஏறுகிறது, வரும் ஆக்சிஜனோ ஏறுவதில்லை. பாதம் வெந்துபோவதும் தெரிவதில்லை. கம்பளிக் காலுறை போதும்.

சீழும் பரவும் அழுகலும் இருந்தால் உடனே அறுவை செய்து வெளியேற்றுவார்கள். அப்படி இல்லாதபோது, முதலில் தமனியைப் படம் பிடித்து, அடைப்பைப் பலூனால் விரித்தோ மாற்றுப்பாதை அமைத்தோ இரத்தத்தைக் கொண்டுவந்த பிறகே இறந்த பகுதியை நீக்குவது முறை. இரத்தம் திரும்பிய காலில் ஒரு விரலோடு நிற்கும் வெட்டு, அது திரும்பாத காலில் முழங்காலுக்கு ஏறக்கூடும். இறந்த திசுவை நீக்கக் கத்தி மட்டுமே வழியல்ல. முதல் உலகப் போரில் நாட்கணக்கில் களத்தில் கிடந்த படைவீரர்களின் புழுவைத்த காயங்கள் வியப்பூட்டும் வகையில் சுத்தமாக இருந்ததை அமெரிக்க எலும்பு மருத்துவர் வில்லியம் பேர் கவனித்தார். பின்னாளில் எலும்பில் சீழ்பிடித்த குழந்தைகளுக்கு ஈப்புழுக்களை வைத்து அவர் அளித்த சிகிச்சையின் முடிவுகள் 1931இல் வெளிவந்தன. சில வகை ஈக்களின் புழுக்கள் இறந்த சதையை மட்டும் கரைத்து உண்கின்றன. கிருமி நீக்கி வளர்த்த அத்தகைய புழுக்கள் சில நாடுகளில் இன்றும் பயன்படுகின்றன.

ஆழமான பாதப்புண் எலும்பைத் தொட்டுவிட்டால் எலும்பும் இறக்கத் தொடங்குகிறது. சீழின் அழுத்தத்தால் இரத்தம் இழந்த எலும்புத் துண்டு, உயிருள்ள எலும்பிலிருந்து தனியே பிரிந்து கிடக்கும். ஆன்டிபயாடிக் மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும் என்பதால், இரத்தமே இல்லாத அந்தத் துண்டு கிருமிகளுக்குப் பாதுகாப்பான இருப்பிடமாகிவிடுகிறது. ஆறு வாரம் மருந்து கொடுத்தும் ஆறாத புண்ணுக்கு இது ஒரு முக்கியக் காரணம். முதல் இரண்டு வாரங்களுக்குள் எடுத்த எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். எனவே அந்த ஒரு படத்தை வைத்து "எலும்புக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடையக் கூடாது.

கிருமியும் புண்ணும் இல்லாமலே எலும்பு இறப்பதும் உண்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் எலும்பின் கழுத்தை ஒட்டியே செல்கின்றன. கழுத்து முறிந்தால் அவையும் அறுந்துபோகலாம். முறிவே இல்லாமல், அதிக அளவில் நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரைகளும், மிகுந்த குடியும், இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் அணு இரத்தசோகையும் இதற்குக் காரணமாகின்றன. கரும்பு விளையும் இத்தீவில் ரம் மலிவாகக் கிடைப்பதால் குடியைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

அணுக்கள் இறந்த நாளிலேயே எலும்பு நொறுங்குவதில்லை. சுண்ணாம்புச் சத்தும் புரத இழைகளும் அப்படியே நிற்பதால் அது பல மாதங்கள் உடல் எடையைத் தாங்குகிறது. பிறகு உடலே பழுது பார்க்க வருகிறது. ஓரத்திலிருந்து புதிய இரத்தக்குழாய்கள் நுழைந்து, இறந்த எலும்பை அரித்து அகற்றும் அணுக்களைக் கொண்டுவருகின்றன. அகற்றும் வேகத்துக்குப் புதிய எலும்பு கட்டும் வேகம் ஈடுகொடுப்பதில்லை. மேல்தளத்தைத் தாங்கும் பழைய தூணை, புதுத் தூணின் கான்கிரீட் இறுகும் முன்பே இடித்தது போன்ற நிலை அது. குருத்தெலும்புக்கு அடியில் பிறை வடிவில் ஒரு விரிசல் விழுந்து, உருண்டை தட்டையாகிறது. வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் தெரிவதால் முழங்காலுக்கே மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

உருண்டை சரியும் முன் கண்டறிந்தால், எலும்பில் துளையிட்டு உள்ளழுத்தத்தைக் குறைத்துப் புதிய குழாய்களுக்கு வழிவிடும் சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. சரிந்த பிறகு பெரும்பாலும் செயற்கை இடுப்பு மூட்டுதான். ஸ்டீராய்டாலோ குடியாலோ வந்த நோய் பலருக்கு இரண்டு இடுப்பையும் பாதிக்கிறது. அதனால் ஒரு பக்கம் நோய் தெரிந்தவுடன், வலியே இல்லாத மறுபக்கத்தையும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும்; துளையிடும் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிடாத இடுப்பு பல வேளைகளில் அந்த மறுபக்கத்து இடுப்புதான்.