வேமி பாரைத் தொட்டால் சுருதி போகிறதா? ட்யூனரை மாற்றும் முன் நட்டைப் பாருங்கள்

சென்னையில் கிட்டார் சர்வீஸ் செய்கிறேன். ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரில் வேமி பார் என்று ஒரு கம்பி இருக்கும், அதை அழுத்தினால் பிரிட்ஜ் சாய்ந்து சுருதி இறங்கும், விட்டால் பழைய சுருதிக்கு வர வேண்டும். அந்தக் கிட்டாரோடு வருகிறவர்களில் பலர் கேட்பது இதுதான்: "பாரைத் தொட்டாலே சுருதி போயிடுதுண்ணே, லாக்கிங் ட்யூனர் (ஸ்ட்ரிங்கைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி) போட்டுடலாமா?" தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ட்யூனரால் வரும் தொல்லை குறைவு, பெரும்பாலும் ஸ்ட்ரிங் சிக்குவது நட்டில்தான், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் படிந்து போகும் காடி வெட்டிய சின்னப் பட்டையில்.

வீட்டிலேயே சோதிக்கலாம். சுருதி சேர்த்துவிட்டு பாரை நன்றாக அழுத்தி விடுங்கள். ஸ்ட்ரிங் சற்று ஏறின சுருதியில் நின்றால் நட் பிடிக்கிறது. அதே ஸ்ட்ரிங்கை விரலால் பக்கவாட்டில் இழுத்து (பெண்ட் செய்து) விட்டால் இறங்கி நிற்கும். ட்யூன் செய்யும்போது 'டிங்' என்று சத்தம் வந்தாலும் காரணம் இதுவே. நட்டின் காடியில் பென்சில் கரியைத் தேய்த்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் காடியை அராவ வேண்டும், அதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள், கொஞ்சம் ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அப்புறம் பிரிட்ஜ், அதாவது ஸ்ட்ரிங்கின் மறுமுனையைப் பிடிக்கும் உலோகத் தகடு. 1954-ல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு வந்த அமைப்பில் முன்பக்கம் ஆறு ஸ்க்ரூ, முதுகுக் குழியில் ஸ்பிரிங். ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கிறது. 10-46 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.010 அங்குலம், தடித்தது 0.046) சுமார் 45 கிலோ இழுக்கும், 9-42 அதைவிடக் குறைவு. அதனால் செட்டின் தடிமனை மாற்றிவிட்டு ஸ்பிரிங்கைத் தொடாமல் விட்டால் பிரிட்ஜ் தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் படுத்துக்கொள்ளும். பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் மரத்துக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். ஸ்பிரிங் மாட்டிய தகட்டின் இரண்டு நீள ஸ்க்ரூக்களையும் கால் சுற்று திருப்பி, ஆறு ஸ்ட்ரிங்கையும் மறுபடி சேர்த்து, திரும்பப் பார்க்க வேண்டும். ஒன்றைச் சேர்த்தால் மற்றவை நகரும் என்பதால் பொறுமை இல்லாமல் நடக்காது. முன்பக்கத்து ஆறு ஸ்க்ரூவையும் இறுக்கி முடுக்கியிருந்தால் பிரிட்ஜ் அசையவே சிரமப்படும், ஓரத்து இரண்டில் அது ஆடட்டும், நடுவிலுள்ள நாலும் கொஞ்சம் தளர்ந்திருக்கட்டும். ஆறு ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு தூணில் நிற்கும் மாடல் என்றால், ஸ்ட்ரிங் இறுக்கமாக இருக்கும்போது தூணின் உயரத்தைத் திருப்பாதீர்கள். தூணைத் தொடும் பிரிட்ஜின் கத்திமுனை மழுங்கினால் பிரிட்ஜ் பழைய இடத்துக்குத் திரும்பாது.

மெல்லிசைக் குழுவிலோ சர்ச்சிலோ வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. பாரை மேலே இழுக்கும் பழக்கம் இல்லையென்றால் ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை மரத்தோடு ஒட்ட வைத்துவிடுங்கள். அந்த இடைவெளியோடு மிதக்கும் பிரிட்ஜில் பாட்டு நடுவே ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி ஏறிவிடும், ஒட்டியிருந்தால் பாட்டை முடித்துவிடலாம்.

நம்ம ஊர் காற்றையும் மறக்காதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஸாடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் படியும் சின்னத் துண்டு) ஸ்க்ரூக்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் கழுத்து மரம் ஈரம் இழுத்து வளைவு மாறியிருக்கலாம் என்பதால் முதலில் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) பார்த்துவிட்டுத்தான் பிரிட்ஜுக்கு வர வேண்டும். ஏசி அறையில் ட்யூன் செய்துவிட்டு வெளி மேடைக்குப் போனால் ஸ்ட்ரிங் சூடாகிச் சுருதி இறங்கும், அதனால் அரை மணி முன்பே கிட்டாரை மேடைப் பக்கம் நிழலில் வைத்துவிட்டு, அங்கேயே கடைசியாகச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.