கிரெடிட் கார்டு பாக்கி: ரிசர்வ் வங்கி விதிப்படி நீங்கள் என்னென்ன கேட்கலாம்?

கிரெடிட் கார்டு பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகி வரும். ஒன்று, மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை. இன்னொன்று, மினிமம் ட்யூ எனப்படும் குறைந்தபட்சத் தொகை. கார்டு கடனில் சிக்கித் தவிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், "மாசாமாசம் தவறாமல்தான் கட்டிட்டு வர்றேன், ஆனா கடன் குறையவே மாட்டேங்குது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. தவறாமல் கட்டியது இரண்டாவது தொகையைத்தான்.

கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு வழங்குவது குறித்த முதன்மை வழிகாட்டு விதிகளை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டது. அவை அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. சில பிரிவுகளுக்கு மட்டும் அக்டோபர் 1 வரை அவகாசம் தரப்பட்டது. 2024 மார்ச்சில் சில திருத்தங்கள் சேர்ந்தன. கார்டு கொடுக்கும் வங்கியோ நிதி நிறுவனமோ எதுவானாலும் இந்த விதிகளை மீற முடியாது. இவற்றில் வாடிக்கையாளருக்குச் சாதகமானவை நிறைய இருக்கின்றன. ஆனால் கார்டு விற்க வருபவர் இவற்றைச் சொல்வதில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மினிமம் ட்யூ: ஒரு கணக்கு

பழைய பாக்கி எதுவும் இல்லாத ஒருவர் ஏப்ரல் 1 அன்று கார்டில் 50,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் போடும் தேதி 20. பணம் கட்டக் கடைசி நாள் மே 10. வட்டி மாதம் 3.5 சதவீதம். இங்கே பல கார்டுகளில் ஏறக்குறைய இந்த வட்டிதான், ஆண்டுக்கு 42 சதவீதம். மே 10க்குள் 50,000 ரூபாயையும் கட்டிவிட்டால் வட்டி ஒரு பைசாகூடக் கிடையாது. வாடிக்கையாளர் சேவையில் பேசும் பெண்ணோ, "சார், மினிமம் மட்டும் கட்டுங்க, போதும்" என்கிறார். அதை நம்பி 5 சதவீதமான 2,500 ரூபாயைக் கட்டுகிறார்.

மீதி 47,500. இதற்கு வட்டி மே 10 முதல் ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழுத் தொகையைக் கட்டாத அந்த நொடியிலேயே வட்டியில்லாக் காலம் என்ற சலுகை பறிபோய்விடும். பொருள் வாங்கிய ஏப்ரல் 1 முதல் வட்டி கணக்காகும். மே 20 அன்று அடுத்த பில் வரும்போது 50 நாள் வட்டி 2,733 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 492 ரூபாய். இரண்டும் சேர்த்து 3,225. ஆக, புது பில் 50,725 ரூபாய். கையிலிருந்து 2,500 ரூபாயைக் கொடுத்த பிறகு கடன் 725 ரூபாய் கூடியிருக்கிறது.

கணக்கு இதோடு நிற்பதில்லை. பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. இப்போது ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யில் இணைத்து, டீக்கடையிலும் காய்கறி வண்டியிலும் ஸ்கேன் செய்கிறார்கள். பாக்கி வைத்திருப்பவர் அப்படிக் குடிக்கும் டீக்கும் அன்றைய தேதியிலிருந்தே வட்டி ஓடுகிறது. எனவே, பாக்கி விழுந்த மாதமே அந்தக் கார்டில் செலவு செய்வதை அடியோடு நிறுத்துங்கள். யு.பி.ஐ. செயலியிலிருந்தும் ஆன்லைன் கடைகளிலிருந்தும் கார்டை நீக்கிவிடுங்கள். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுப்பதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள். அதற்கு வட்டியில்லாக் காலமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும், எடுப்பதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு.

ரிசர்வ் வங்கி இதில் தலையிட்டிருக்கிறது. மினிமம் தொகையைத் தொடர்ந்து கட்டினாலும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்பது விதி. அதனால்தான் வட்டி விழுந்த பிறகு வரும் பில்களில் மினிமம் ட்யூ திடீரென்று கூடியிருப்பதைப் பார்க்கலாம். மினிமம் மட்டும் கட்டினால் கடன் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எச்சரிக்கையைப் பில்லிலேயே கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். கட்டாமல் நின்றுபோன கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து, அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது. வட்டியை, கட்டிய பணத்தையும் திரும்ப வந்த தொகைகளையும் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டுமே போட வேண்டும். தாமதக் கட்டணத்துக்கும் இதே நியாயம்தான். 50,000 பில்லில் 48,000 கட்டிவிட்டீர்கள் என்றால், நின்றுபோன 2,000 ரூபாயை வைத்துத்தான் தாமதக் கட்டணம் கணக்காக வேண்டும்.

வட்டி விகிதத்துக்கு உச்சவரம்பு மட்டும் இல்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. என்னைப் பொறுத்தவரை இது சாமானியர்களுக்குப் பெரிய இழப்பு.

எதை முதலில் அடைப்பது?

நம் வீடுகளில் மானத்துக்குப் பயந்து சொந்தக்காரர்களிடம் வாங்கிய கைமாற்றைத்தான் முதலில் அடைப்போம். அடுத்தது நகையை மீட்பது. கார்டு பாக்கி கடைசியாக நிற்கும், ஏனென்றால் அதைக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை. மனசுக்கு இது நியாயமாகப் படலாம். கணக்குப்படி தலைகீழ். வட்டியில்லாக் கைமாற்றுக்கு மூன்று மாதம் தவணை கேட்டாலும் கடன் ஏறாது. மாதம் 3.5 சதவீதம் தின்னும் கார்டு ஏறிக்கொண்டே போகும். உறவுக்காரரிடம் நிலைமையை வெளிப்படையாகச் சொல்லி அவகாசம் கேளுங்கள், கையில் வரும் பணத்தைக் கார்டில் கட்டுங்கள். இரண்டு மூன்று கார்டு இருந்தால் எல்லாவற்றிலும் மினிமம் தொகையைக் கட்டிவிட்டு, வட்டி அதிகமான கார்டில் மிச்சப் பணம் முழுவதையும் போடுங்கள்.

வீட்டில் நகை இருந்தால், வங்கியில் அடகு வைத்துக் கார்டை ஒரே தடவையில் அடைப்பது நல்ல வழி. வங்கி நகைக்கடனின் வட்டி, கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பெண்களின் நகை என்பதால், அவர்கள் சம்மதத்தோடு, மீட்கும் தேதியையும் பேசி முடிவு செய்துகொண்டு வையுங்கள். நகை இல்லாதவர்கள் தனிநபர் கடனாக மாற்றலாம். அல்லது பாக்கியைத் தவணையாக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடமே கேட்கலாம். அப்படி மாற்றும்போது அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உள்ளே வட்டியை ஒளித்து வைத்துவிட்டு 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று விற்கவும் கூடாது. ஒன்றே ஒன்றில் கவனமாக இருங்கள். கடன் மாற்றிய பிறகு காலியான கார்டில் மறுபடி செலவு செய்தால் இரண்டு கடனாகிவிடும்.

சம்பளம் 1ஆம் தேதி வருகிறது, கார்டு கட்டக் கடைசி நாள் 26 என்று இருந்தால், மாதக் கடைசியில் கை காலியாக இருக்கும்போது பில் வந்து நிற்கும். பலர் முதல்முறை மினிமம் கட்டுவது இப்படித்தான். பில் சுழற்சித் தேதியைக் குறைந்தது ஒரு தடவையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை விதி தருகிறது. செயலி, ஹெல்ப்லைன், மின்னஞ்சல் என ஏதாவது ஒரு வழியில் கேட்டுப் பெறலாம். கடைசி நாள் மாதத்தின் முதல் வாரத்தில் வரும்படி மாற்றுங்கள். மனக்கட்டுப்பாட்டைப் பற்றிய ஆயிரம் அறிவுரைகளைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

கடைசி நாள் தவறிவிட்டதா? பாக்கி மூன்று நாளுக்கு மேல் நின்றால்தான் தாமதக் கட்டணம் போடவோ, சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தவணை தவறியதாகச் சொல்லவோ முடியும். எனவே, மறந்துபோனவர்கள் பதறாமல் அந்த மூன்று நாளுக்குள் கட்டிவிடலாம். இந்தச் சலுகை வட்டிக்குப் பொருந்தாது.

கேட்காமல் வந்த கார்டு, மூட விடாத கார்டு

கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. அனுப்பி, சம்மதமில்லாமல் இயக்கி, கட்டணமும் போட்டிருந்தால், அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப்போல இரண்டு மடங்கை அபராதமாக உங்களுக்குத் தர வேண்டும். வந்த கார்டை 30 நாளுக்கு மேல் இயக்காமல் வைத்திருந்தால், ஓ.டி.பி. மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் வரவில்லை என்றால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளில் கணக்கைச் செலவில்லாமல் மூட வேண்டும். ஆகவே 'கார்டு வேண்டாம்' என்று நினைப்பவர்கள் அந்த ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள். கடன் வரம்பை உயர்த்துவதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும்.

பாக்கியை அடைத்த பிறகு கார்டை மூடச் சொன்னால், ஏழு வேலை நாளில் மூட வேண்டும். மூடாவிட்டால், பாக்கி எதுவும் இல்லாத கணக்குக்கு, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். தபாலில் எழுதிக் கொடுங்கள் என்று இழுத்தடிப்பதற்கும் விதியில் இடமில்லை. தொலைபேசியில் கேட்டால், 'இன்னும் ஆறு மாசம் வச்சுக்கோங்க சார், ஆண்டுக் கட்டணம் இல்லை' என்று பேச்சை மாற்றுவார்கள். அதனால் மின்னஞ்சலில் கேளுங்கள். தேதியோடு ஆதாரம் கையில் இருக்கும்.

பில்லில் தவறு என்று புகார் செய்தால், 30 நாளுக்குள் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவண ஆதாரமும் தர வேண்டும். மோசடி என்று நீங்கள் மறுக்கும் செலவுக்கு, பிரச்சினை தீரும் வரை கட்டணம் எதுவும் போடக் கூடாது.

வசூலுக்கு வருபவர்கள்

காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. மிரட்டுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் தொல்லை கொடுப்பது எல்லாமே தடை செய்யப்பட்டவை. ஏஜென்ட் வெளியாள்தானே என்று வங்கி கைகழுவ முடியாது. அவர் செய்வதற்கு வங்கியே பொறுப்பு. உங்கள் கார்டுக் கடனை, ஜாமீன் போடாத அப்பாவோ மனைவியோ தன் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. பணமில்லாமல் கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காக மட்டும் போலீஸ் கைது செய்யாது. ஆனால் ஏஜென்ட் கேட்கிறார் என்று வரப்போகும் தேதியிட்ட காசோலை கொடுத்து, அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் குற்ற வழக்காகிவிடும். பயத்தில் காசோலை கொடுக்காதீர்கள். வந்த நேரம், எண், பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள், முடிந்தால் பதிவு செய்யுங்கள்.

பல மாதம் கட்டாமல் நின்றால், 'பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்' என்று செட்டில்மென்ட் பேச வருவார்கள். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது ஒரு கதவு. அதற்கு ஒரு விலையும் உண்டு. கடன் அறிக்கையில் 'முழுமையாக அடைத்தது' என்பதற்குப் பதிலாக 'செட்டில்' என்று பதிவாகும், வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது அது முன்னால் வந்து நிற்கும். 2023 ஜூனில் வந்த சமரசத் தீர்வு விதிப்படி, அந்த வங்கி குறைந்தது 12 மாதத்துக்குப் புதுக்கடன் தரக் கூடாது. செட்டில்மென்ட்டுக்கு ஒப்புக்கொள்வதானால், தொகையும் தேதியும் எழுதிய கடிதம் வங்கியிலிருந்து வந்த பிறகே பணம் கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்குப் போடாதீர்கள், கார்டு கணக்கிலேயே போடுங்கள். முடிந்ததும் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள்.

புகார் எங்கே?

முதலில் வங்கிக்குத்தான் எழுத வேண்டும். புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். எனப்படும் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம், அல்லது சண்டிகரில் உள்ள மையத்துக்குக் கடிதம் போடலாம். தமிழிலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. வங்கியிடம் போகாமல் நேரே இங்கே வந்தால் புகார் தள்ளுபடியாகும், அதனால் அந்த முதல் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

கடனை அடைத்து முடித்த பிறகு கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க் என நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கார்டு இன்னும் பாக்கியாகக் காட்டினால், அந்த நிறுவனத்திடமே திருத்தம் கேளுங்கள். 30 நாளைத் தாண்டியும் சரிசெய்யாவிட்டால், 2024 ஏப்ரல் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அதற்குப் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.