கிணத்துக்குள்ள பேசறாப்பல ஒரு வீடு

"ஏனுங்க, கடன ஒடன வாங்கி வீடு கட்டிப் பால் காய்ச்சிட்டோமுங்க. ஆனா ஹால்ல நின்னு பேசுனா கெணத்துக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குது. டிவியில சீரியல் வசனம் எங்க மாமியாருக்கு ஒண்ணுமே புரியறதில்லீங்க. வாஸ்துல குத்தம், தென்மேற்கு ஜன்னல அடச்சிருங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. அடைக்கலாமுங்களா?"

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அடைக்காதீங்க அம்மணி. அந்த வீட்டில் இருக்கிற ஒரே மருந்தே அதுதான்.

ஹாலின் அளவையும் அவரே அனுப்பியிருந்தார். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், மாடி வரை திறந்துவிட்டதால் உயரமும் 6 மீட்டர். தரையில் விட்ரிஃபைட் டைல், சுவரில் பட்டி பார்த்து வழவழவென்று பெயின்ட். இந்த மாதிரிப் பரப்பு தன்மேல் படுகிற ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒலி முழுக்க வெளியேற ஒரே வழி திறந்த ஜன்னல்தான். போனது திரும்பாது. ஒன்றரைச் சதுர மீட்டர் ஜன்னல் ஒன்றைத் திறந்து வைத்தால், 50 சதுர மீட்டர் சுவர் விழுங்குகிற அளவை அது ஒன்றே விழுங்கிவிடும்.

இப்படித் திறந்த ஜன்னலை அளவுகோலாக வைத்துக் கணக்குப் போட்டவர் வாலஸ் சபைன். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை அரங்கு ஒன்றில் பேச்சு புரியவில்லை. 27 வயது இயற்பியல் ஆசிரியராக இருந்த இவரிடம் 'சரி பண்ணு' என்றார்கள். அவர் ராத்திரி ஊர் அடங்கியதும் பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்குவார். ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஊதவிட்டு நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை விநாடி என்று அளப்பார். காலி அரங்கில் ஐந்தரை விநாடி ஆனது. விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போயாக வேண்டும். தான் போட்டிருக்கும் சட்டையும் ஒலியைக் குடிக்கிறது என்று தெரிந்ததும் ஆயிரக்கணக்கான அளவீடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரே உடையோடு முதலிலிருந்து தொடங்கினாராம். எனக்கு அந்த மனுஷன்மேல் தீராத பிரியம்.

அவர் சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதிறனால், அதாவது அறை எத்தனை சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம் என்ற எண்ணால், வகுத்தால் ஒலி அடங்க எத்தனை விநாடி என்று வந்துவிடும். நம் வாசகியின் ஹால் 180 கன மீட்டர். சாமான் இல்லாமல், ஜன்னலையும் சாத்தினால் உறிஞ்சுதிறன் 6-ஐத் தாண்டாது. விடை, ஏறத்தாழ 4.8 விநாடி. வசிக்கிற அறைக்கு அரை விநாடி போதும். பேச்சில் உயிரெழுத்துக்கு வலு அதிகம், மெய் பூஞ்சை. முந்தின உயிரின் ஓசை அடங்காமல் நின்று அடுத்த மெய்யை மூடிவிடும். 'பத்து'க்கும் 'பட்டு'க்கும் மாமியார் வித்தியாசம் காண முடியாததற்கு அவர் காதைக் குறை சொல்லக் கூடாது.

எங்கள் அப்புச்சியின் தொட்டிக்கட்டு வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. நடுவில் வானம் பார்த்த தொட்டி இருந்தது. எட்டுச் சதுர மீட்டர் திறப்பு இருந்தாலே எட்டுச் சதுர மீட்டர் முழு உறிஞ்சி, காசில்லாமல். இப்போது அதை மூடிக் கண்ணாடி போடுகிறோம்.

சரி, கூரையைப் பிரிக்க முடியாது. பஞ்சுக்கு வருவோம். ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் ஆடுவது. பஞ்சின் இண்டு இடுக்கில் அது நுழைந்து ஆடும்போது இழைகளில் உரசி, ஆற்றல் சூடாகக் கரைந்துவிடும். ஆனால் இதே பஞ்சைச் சுவரோடு ஒட்டினால் பாதி வீண். ஏன்? தாம்புக்கயிற்றின் நுனியைத் தூணில் கட்டி உதறிப் பாருங்கள். கட்டின இடத்தில் ஆட்டமே இருக்காது. கொஞ்சம் தள்ளித்தான் கயிறு துள்ளும். காற்றும் அப்படியே. சுவர் வழிவிடாததால் அதை ஒட்டிய காற்று நெரிபடும், நகராது. நகராவிட்டால் உரசலில்லை. அலைநீளத்தில் கால் பங்கு தூரம் தள்ளினால் அங்கே ஆட்டம் உச்சம். நொடிக்கு 500 அதிர்வுள்ள ஒலிக்கு அது 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. கனத்த திரையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடச் சொல்வது இதற்காகத்தான். அந்த வெறும் இடைவெளியும் வேலை செய்கிறது! தடித்த ஆண்குரல் மாதிரியான தாழ்ந்த ஒலிகளுக்கு அலைநீளம் மீட்டர் கணக்கில் போகும் என்பதால் அவை திரைக்கு மசியா.

நாமக்கல் முட்டை அட்டையைச் சுவரெல்லாம் ஒட்டுகிற பழக்கம் எங்கிருந்து வந்ததோ. மெல்லிசான அட்டை, கீச்சொலியை லேசாகத் தணிக்கும், அவ்வளவே. தெர்மாகோலும் உதவாது, அதன் குமிழிகள் மூடியவை, காற்று நுழையாது. அதேபோல், பக்கத்துத் தறிச் சத்தம் உள்ளே வராமல் தடுக்கப் பஞ்சு ஆகாது. அதற்குக் கனமான சுவரும், கதவடி இடுக்கை அடைப்பதும் வேண்டும். தறிகள் நிறைந்த சோமனூர்க்காரர்களுக்கு இதைத் தனியே எழுதுகிறேன்.

என் ஆதங்கம் ஒன்று உண்டு. திருப்பூரில் மலை மலையாகப் பனியன் துணிக் கட்டிங் வேஸ்ட், கோவை மில்களில் கழிவுப் பஞ்சு. இவற்றைப் பலகையாக அழுத்தி உறிஞ்சுதிறனை அளக்க ஒரு மாணவருக்கு இரண்டு வருஷ உதவித்தொகை போதும். ஜன்னலை அடைக்கச் சொல்கிறவருக்கு நாம் கொடுக்கிற தட்சணைகளைச் சேர்த்தாலே வந்துவிடும்.

அம்மணி, செலவு செய்வதற்கு முன் இன்று ராத்திரி ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தைகளையெல்லாம் ஹாலுக்குக் கொண்டு வந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டு, மாமியாருக்குச் சீரியலைப் போடுங்கள். ரெக்சின் உறை போட்ட மெத்தை மட்டும் வேண்டாம், காற்று உள்ளே போகாது.